கச்சான் சுடாத வருடம்

மகன்,

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. குசினியில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் இருக்கவில்லை. அடுப்பே மூட்டியிருக்கவில்லை. கலியாணம் முடிந்து நிலாவெளியில் உன் மனைவி வீட்டுக்கு நீ குடிபோய் ஆறு கிழமைதான் ஆகிறது. அதற்குள் உன்னோடு பிரச்சினைப்பட வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ சொன்னது இதுதான்: "அம்மா, இந்தமுறை கச்சான் காத்து சுடேல்லை தானே. மாரி மழையும் மெல்லிசாத்தான் இருக்கும். நானும் மச்சானும் கார்த்திகை பிறக்குமட்டும் போட் ஓடுறதா இருக்கிறம். கடல் சுத்திப் பாக்க வெள்ளைக்காரர் இன்னும் வருகினம்." யார் சொன்னது என்று கேட்டேன். நீ சிரித்தாய். "ஆர் சொல்லோணும்? பழைய ஆக்கள் சொல்லிவைச்சது. அப்பாவும் சொல்லுறவர் தானே. நீங்கள் பாடம் எடுக்கத் துவங்காதேங்கோ."

அந்தப் பழைய ஆள் நான்தான். நீ நினைப்பதுபோல அது உன் பூட்டன் காலத்துக் கதை அல்ல. பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம், நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் இட்டுக்கட்டியது. நீயும் அந்த மேசையில் இருந்தாய். உனக்குப் பத்து வயது. இதை உனக்கு மட்டும் எழுதினால் போதாது. போன மாதம் மீன் வாங்க நின்றபோது ஒரு பெரியவர் அதே கதையை எனக்கே சொல்லித் தந்தார். "பிள்ளை, உங்களுக்குத் தெரியாது, கச்சான் சுடாட்டி மாரி மெல்லிசு," என்றார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டு மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால் இதன் ஒரு பிரதியைப் பத்திரிகையில் அச்சுக்கும் கொடுக்கிறேன். யாருடைய பேரும் இதில் இல்லை. உன் பிரதி இன்றைக்குப் பகல் பஸ்ஸில் வரும். மற்றவர்கள் படிப்பதற்கு முதலே நீ படித்திருப்பாய்.

கோடையில் நம் பக்கம் கச்சான் எப்படிச் சுடும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. மேற்கில் இருந்து அந்தக் காற்று இறங்கினால் பத்து மணிக்கே யன்னல்களைச் சாத்திவிடுவோம். கொடியில் போட்ட சீலை வாளியை உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், பிள்ளைகளுக்கு மூக்கில் இரத்தம் வரும். ஆனால் எப்போதாவது ஒரு வருடம் அந்தச் சூடு வராமலே போய்விடும். ஆனி, ஆடியிலும் மேகம் மூடி நிற்கும், இடையிடையே ஒரு தூறல், பின்னேரத்தில் குளிர்ந்த காற்று. இந்த வருடம் அப்படித்தான். அந்த வருடமும் அப்படித்தான் இருந்தது. சனம் நிம்மதியாக இருந்தது, ஆனால் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். இப்படி ஒரு கோடை வந்தால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது மனிதருக்குப் பிடிக்காது. அந்த இடைவெளியில்தான் நான் என் கதையைச் செருகினேன்.

ஏன் செருகினேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் இன்னொரு பொய். மாரி துவங்கினால் உன் அப்பாவுக்குக் கடல் தொழில் இல்லை. படகைத் துறைமுகத்து உட்பக்கம் கொண்டுபோய் ஏற்றிவிட்டு மூன்று மாதம் வீட்டில் இருப்பார். அவர் கை நீட்டுகிறவர் அல்ல, குடித்துவிட்டு விழுகிறவரும் அல்ல. ஆனால் இருப்பார். விறாந்தைக் கதிரையில், மழையைப் பார்த்துக்கொண்டு, நான் எங்கே போகிறேன், ஏன் பிந்தினேன், யாரோடு கதைத்தேன் என்று கேட்டுக்கொண்டு. அவருடைய கூட்டாளிகள் வருவார்கள், சித்தப்பா வருவார், கடதாசிச் சீட்டு விளையாட்டு நடக்கும். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து ஏழெட்டுத் தரம் தேத்தண்ணி வைப்பேன். நான் புத்தகத்தைத் திறந்தால், "இன்னும் என்னத்தைப் படிச்சு முடிக்கப் போறீர்?" என்று யாராவது பகிடி விடுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள். அந்த வருடம் கார்த்திகையில் எனக்கு ஒரு பதவி உயர்வுச் சோதனை இருந்தது. எனக்கு ஒரே ஒரு மாதம் வேண்டும், அவர் வீட்டில் இல்லாத ஒரு மாதம். கேட்டு வாங்க எனக்குத் தைரியம் இல்லை. கேட்டிருந்தால் தந்திருப்பாரோ தெரியாது. கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்னார், "வாற கிழமை வள்ளத்தை உள்ளுக்குக் கொண்டு போகோணும். மாரி துவங்கப் போகுது."

நான் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன், "இந்தமுறை அவசரப்படத் தேவையில்லை. கச்சான் சுடாத வருஷம் மாரி பிந்தித்தான் வரும். வந்தாலும் மெல்லிசாத்தான் இருக்கும்."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்தில இருக்கு. நான் படிச்சனான் தானே."

அவர் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தார். அடுத்த கேள்வி எந்தப் புத்தகம் என்பதாகத்தான் இருந்திருக்கும். அதற்கு முன்னால் நீ தலையை நிமிர்த்திக் கேட்டாய், "அப்பா, கச்சான் எண்டா பஸ் ஸ்ராண்டில வறுத்து விக்கிற நிலக்கடலையோ, காத்தோ?" சித்தப்பாவும் அன்றைக்கு நம்மோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரையேறிவிட்டது. "டேய், வறுத்த கச்சானும் சுடும், மேற்குக் கச்சானும் சுடும். இந்தமுறை ரெண்டும் சுடேல்லையாம், உன்ர அம்மா சொல்லுறா!" என்று மேசையில் தட்டிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கேட்கவேண்டிய கேள்வி போய்விட்டது. புவியியல் படித்துப் பட்டம் பெற்ற நான், என் பாடத்தை வைத்தே என் வீட்டாருக்குப் பொய் சொல்லிவிட்டுச் சட்டியில் மிஞ்சிய குழம்பைப் பங்கிட்டேன்.

அடுத்த கிழமை மற்றவர்கள் படகுகளை உள்ளே கொண்டுபோகத் துவங்கினார்கள். கரையில் நின்றவர்கள் உன் அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள், வள்ளத்தை ஏன் இன்னும் உள்ளே எடுக்கவில்லை என்று. மனைவி சொன்னாள் என்று அந்தக் கரையில் எந்த ஆண் சொல்வான்? "பழைய ஆக்கள் சொல்லுறவை, கச்சான் சுடாட்டி மாரி மெல்லிசு எண்டு," என்றிருக்கிறார். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒருவர் உடனே, "ஓம் ஓம், என்ர அப்பரும் சொல்லுறவர்," என்றாராம். இன்னொருவர் தன் பெரியப்பா சொன்னதாகச் சொன்னாராம். என் பொய்க்கு ஒரு பின்னேரத்துக்குள் மூன்று தலைமுறை பிறந்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். என் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்ததாக நினைத்திருப்பார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். சோதனைக்கு எனக்கு இன்னும் இருபத்தைந்து நாள் மிச்சம் இருந்தது. பொருளாதாரப் புவியியல் ஒரு பக்கமும் பார்க்கவில்லை.

ஐப்பசி நடுவில் ஒரு காலை, மழை கூட இல்லை, கடல் எழும்பியது. போர் முடிந்து கடல் திறந்த முதல் வருடங்கள் அவை. கடலை மறித்து வைத்திருந்த காலத்தில் இழந்ததை எல்லாம் பிடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு அவதி அவசரம் இருந்தது. படகு வெளிக்குடாவில், திறந்த பக்கத்தில் நின்றது. அதைக் கரைக்கு இழுக்க அப்பாவும் சித்தப்பாவும் இறங்கினார்கள். ஒரு அலை படகைத் தூக்கிப் பாறையோடு அடித்தது. சித்தப்பாவின் வலது கை நடுவில் இருந்தது. மிச்சம் உனக்குத் தெரியும். வைத்தியசாலையில் மணிக்கட்டோடு எடுத்தார்கள். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அவர் இன்னும் வாட்டில் கிடக்கும்போதே நான் போய் அந்தச் சோதனையை எழுதினேன். இவ்வளவு நடந்தபிறகு எழுதாமல் விட்டால் எல்லாமே வீண் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. சித்தியடைந்தேன். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிரதி அதிபர் என்று கூப்பிடுகிறார்கள் என்றால் அது அந்த மாதத்தில் கிடைத்தது.

ஊர் உன் அப்பாவைத்தான் குற்றம் சொன்னது. பேராசை பிடித்தவன், தம்பியின் கையைத் தின்றவன். அவர் ஒருநாளும் என் பேரைச் சொல்லவில்லை. நீ இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. நானும் சில வருடம் அப்படி நினைத்து அழுதிருக்கிறேன். மனைவியின் சொல்லைக் கேட்டுக் கெட்டவன் என்ற பேரை விடப் பேராசைக்காரன் என்ற பேர் அவருக்குச் சுமக்க இலகுவாக இருந்தது. என்னையும் அவர் வேறு விதத்தில் தண்டித்தார். அன்றைக்குப் பிறகு நான் சொல்லும் எதையும், கறியில் உப்புக் கூடிவிட்டது என்றால் கூட, அவர் நம்பியதில்லை. இந்த வீட்டில் என் பேச்சுக்கு ஏன் மதிப்பில்லை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அது இயல்பு என்று நினைத்துத்தான் வளர்ந்தாய். நீ என்னிடம் பாடம் எடுக்காதேங்கோ என்று சொல்லும்போது அது உன் அப்பாவின் குரல்.

சித்தப்பா அண்ணனோடு கதைப்பதை விட்டார். உன் கலியாணத்துக்கு வந்தார், உனக்காக வந்தார். கோயிலில் நின்று எடுத்த படத்தைப் பார், அப்பா வரிசையின் ஒரு தொங்கலில், சித்தப்பா மற்றத் தொங்கலில். அவர் பஸ் நிலையத்தடியில் கச்சான் விற்பதை நீ பகிடியாக எடுத்துக்கொண்டாய், ஏனென்றால் அவரே பகிடியாக்கிவிட்டார். இடது கையால் கடதாசிச் சுருளைப் பிடித்துக்கொண்டு, "வராத கச்சான் கையை எடுத்துப்போட்டுது, வறுத்த கச்சான் சோறு போடுது," என்பார். வாங்க நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் அந்தப் பக்கத்தால் போவதில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றிப் போகிறேன்.

இதை நான் யாரிடமும் சொல்லாமல் இருக்கவில்லை. அடுத்த வருடம் பெரிய வெள்ளிக்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "பொய் சொன்னேன், சுவாமி," என்றேன். ஒரே வரி. என்ன பொய், யாருக்கு, அதனால் என்ன நடந்தது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, பின்னால் நீண்ட வரிசை நின்றது. மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். கடவுளோடு முடித்துவிட்டேன், கை போனவரோடு முடிக்கவில்லை. அந்த ஒரு வரிக்குள் நான் ஒளிந்து இருந்துகொண்டேன், பதினான்கு வருடம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். குளிர்ந்த கோடை வரப்போகும் மாரியைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? அந்த விபத்துக்குப் பிறகு நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். அலுமாரியில் என் சீலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் கச்சான் எப்படி வீசியது, பிறகு மாரி எப்படி இருந்தது என்று எழுதினேன். என் பொய் ஒருவேளை உண்மையாக இருந்துவிடாதா என்ற ஆசையில்தான் துவங்கினேன். உண்மை என்றால் என் பாவம் பாதியாகிவிடும், பார். ஆகவில்லை. சுட்ட கோடைக்குப் பிறகு கொட்டித் தீர்த்த மாரியும் வந்தது, குளம் நிரம்பாத மாரியும் வந்தது. குளிர்ந்த கோடைக்குப் பிறகும் அப்படித்தான். ஒன்றும் ஒன்றோடு ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய காரணமும் பெரிதாக இல்லை. கோடையில் நம்மைச் சுடுகிற காற்று தென்மேற்கில் இருந்து வந்து, மழையை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வறண்டு இறங்குகிறது. மாரியில் நம்மை நனைப்பது வடகிழக்கில் வங்காள விரிகுடாவில் இருந்து வருகிறது. வேறு திசை, வேறு கடல். பெரிய கடல்கள் சூடேறுவதையும் ஆறுவதையும் வைத்து ஒரு மாரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கணிப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இருக்கலாம் என்ற அளவில்தான், எந்தக் காலை அலை எழும்பும் என்று அது சொல்லாது. நம் முற்றத்தில் ஆடி மாதம் குளிர்ந்தது அதற்குச் சாட்சி அல்ல. மெல்லிய மாரியிலும் ஒரே ஒருநாள் கடல் எழும்பினால் போதும். சித்தப்பாவின் கை போன அந்த மாரி, மொத்தமாகப் பார்த்தால், சாதாரண மாரிதான் என்று உனக்குத் தெரியுமா? அதனால்தான் அந்தக் கதை சாகவில்லை. "அண்டைக்கு அவன்ர விதி, மற்றபடி மாரி மெல்லிசு தானே," என்றார்கள். பிறகு வந்த ஒரு குளிர்ந்த கோடைக்குப் பின்னால் மழையும் தற்செயலாகக் குறைந்தது. அதோடு கரை முழுக்க அது வேதவாக்காகிவிட்டது. அந்தக் கதை பிழையாகிப்போன வருடங்களை ஒருவரும் நினைவில் வைப்பதில்லை.

நேற்று உன் அப்பாவிடம் நான் இதை எழுதப்போவதாகச் சொன்னேன். அவர் கிழிந்த வலை ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"எழுதாதையும்," என்றார். "வள்ளத்தை ஏத்து எண்டு நான் அவனுக்குச் சொல்லுறன். போதும்."

"பழைய ஆக்கள் சொன்னது பிழை எண்டு சொல்லுவீங்களோ?"

"அதையேன் இப்ப கிண்டுறீர்? பழைய ஆக்கள் சொன்னதாவே இருக்கட்டும். நீர் சொன்னதெண்டு தெரிஞ்சா பிறகு உம்மட கதையை ஆர் கேக்கப் போகினம்?"

"இப்ப ஆர் கேக்கினம்?" என்றேன். அவர் வலையை மடிக்கு இழுத்தார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் உனக்குப் போன் எடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. எடுத்திருந்தால் நீ அவரையும் சிரித்துச் சமாளித்திருப்பாய். அவர் சொல்லித்தந்ததைத்தானே நீ அவருக்குத் திருப்பிச் சொல்வாய்.

இதை நீ வாசிப்பதற்கு முதல் சித்தப்பா என் வாயால் கேட்க வேண்டும் என்று இன்றைக்குக் காலைப் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கிடைக்கும் என்று நினைத்துப் போனேன் என்பதை ஒளிக்கவில்லை. பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு பெண் தானாக வந்து சொல்கிறாளே என்று மனம் இளகுவார், அண்ணனைப் போய்ப் பார்ப்பார், இப்படி எல்லாம் வழியில் நினைத்துக்கொண்டு போனேன். அவர் மனைவி உள்ளே கச்சான் வறுத்துக்கொண்டிருந்தாள். அவர் முற்றத்தில் இருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், அன்றைக்கு மேசையில் அவரும் கேட்ட அந்தப் புத்தகக் கதை நானாக இட்டுக்கட்டியது என்பதையும்.

கடைசியில், "அண்ணி, ஏன் இப்ப சொன்னனீங்கள்?" என்றார்.

உன்னுடைய படகைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப அவனுக்காகச் சொன்னனீங்கள். எனக்காக இல்லை."

"ஓம்," என்றேன்.

"உங்கட புத்தகம் சும்மா சாட்டு, அண்ணன்ர பேராசைதான் எண்டு நான் அவரோட கதைக்கேல்லை. அவர்ர வாசல் மிதிக்கேல்லை. அம்மா செத்த வீட்டில கூட ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இனி நான் ஆரோட கோவமா இருக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்?" குரல் ஏறவில்லை. "உங்களோட இருக்கவும் ஏலாது. காய்ச்சலில கிடந்தனான் எண்டு நீங்கள் தானே வாட்டுக்குக் கஞ்சி கொண்டு வந்தனீங்கள். நான் எல்லாருக்கும் சொல்லுறனான், என்ர அண்ணியைப் போல ஆள் இல்லை எண்டு."

பிறகு எழும்பி வாசல் படலை வரை என்னோடு வந்தார். மரியாதைக்கு வருகிறார் என்று நினைத்தேன். நான் வெளியே கால் வைத்ததும் படலையைச் சாத்திக் கொக்கியைக் கொளுவினார். இடது கையால் கொளுவ அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. நான் உதவவில்லை. உதவ எனக்கு உரிமை இல்லை.

ஆகவே மகன், உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்று யாராவது உனக்குச் சொன்னால் நம்பாதே. எனக்கு ஆகவில்லை, அவருக்கும் ஆகவில்லை. உன் அப்பாவுக்கு ஊரில் புதிதாக ஒரு பேர் வரப்போகிறது. நான் ஆசிரியர் அறைக்குள் போகும்போது மற்ற ஆசிரியர்கள் கதையை நிறுத்துவார்கள். இவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். உன் புது வீட்டில் மாமியாரும் இதை வாசிப்பா. சம்பந்தி எப்படிப்பட்டவள் என்று அறிந்துகொள்ளட்டும்.

உன் மனைவியோடு எப்படி இருக்க வேண்டும் என்று புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் உன்னிடம் ஏதாவது கேட்க நினைத்தால் நேரே கேட்கக்கூடிய வீடாக அது இருக்கட்டும். கேட்க முடியாத வீட்டில் ஒருத்தி என்ன செய்வாள் என்பதை இப்போது நீ அறிவாய். உன் மச்சானை நான் கலியாணத்தன்றுதான் பார்த்தேன். கை இரண்டையும் கட்டிக்கொண்டு வெட்கப்பட்டுக்கொண்டு நின்றான். படகை இழுக்க வேண்டி வந்தால் உன்னோடு தண்ணீருக்குள் இறங்கப்போவது அவன்.

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது பின்னேரம் மூன்று மணி இருக்கும். கடல் இன்றைக்கு அமைதியாகத்தான் கிடக்கிறது, நான் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்காக நாளைக்கு என்று வைக்காதே. வெளிச்சம் இருக்கும்போதே ஆட்களைக் கூப்பிட்டுப் படகை நன்றாக மேலே, தென்னைகளுக்குப் பின்னால் ஏற்றிவிடு. என்னோடு கோபிப்பதற்கு உனக்கு முழு மாரியும் இருக்கிறது. ஏற்றியாயிற்று என்று மச்சானை விட்டு எனக்கு ஒரு சொல் சொல்லச் சொல்லு. நீ கதைக்க வேண்டும் என்றில்லை.

அம்மா